உலாவிகளின் தானியங்கி இற்றைப்படுத்தல் வரலாறு

தானியங்கி இற்றைப்படுத்தல் என்பது, கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள் தன் புதிய பதிப்பை இணையத்திலிருந்து தானே இறக்கி நிறுவிக்கொள்ளும் முறையாகும். பயனரைக் கேட்டுச் செய்வதும் உண்டு, கேட்காமல் செய்வதும் உண்டு. இன்று தாம் பயன்படுத்தும் உலாவியின் பதிப்பெண்ணை அறிந்தவர்கள் குறைவு. 2000களின் தொடக்கத்தில் அப்படியில்லை. எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது, மாற்றாமலே விடுவதா என்பதெல்லாம் கணினிக்கு உரியவரின் முடிவாக இருந்தன. அந்த முடிவு சிறிது சிறிதாக நிறுவனங்களின் கைக்குப் போனது.

புழுக்களின் காலம்

விண்டோசு 98 இயங்குதளத்துடன் விண்டோசு அப்டேட் தளம் அறிமுகமானது. ஆனால் பயனர் தாமே அங்கு சென்று பார்க்க வேண்டியிருந்தது, பலர் போகவில்லை. 2003 சனவரி 25 அன்று பரவிய சுலாமர் புழு, பாதிக்கப்படக்கூடிய வழங்கிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் பிடித்தது. அதற்கான திருத்தம் 2002 சூலையிலேயே வெளியாகியிருந்தது. 2003 ஆகத்தில் வந்த பிளாசுட்டர் புழுவின் கதையும் இதுவே. அதற்கும் ஒரு மாதம் முன்னரே மருந்து தயாராக இருந்தது, போட்டுக்கொண்டவர்கள்தாம் போதவில்லை. அறுபது நொடிகளில் கணினி அணையப்போகிறது என்று எண்ணிக்கை இறங்கும் பெட்டியை அக்காலப் பயனர்கள் பலர் கண்டிருப்பர்.

மைக்ரோசாப்ட் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. 2004 ஆகத்தில் வந்த எக்ஸ்பி சர்வீசு பேக் 2, தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கிவைக்குமாறு பயனரை வற்புறுத்தியது. ஓட்டையை அடைக்கத்தான் இந்த வழி திறக்கப்பட்டது. பின்னர் அதன் வழியே வேறு பலவும் வந்தன.

கேட்காமல் வந்த சபாரி

2006 இறுதியில் இன்டர்நெட் எக்சுபுளோரர் 7 இதே வழியாக அனுப்பப்பட்டது. எக்சுபுளோரர் 6-க்கென்றே எழுதப்பட்ட உள்ளகச் செயலிகளை வைத்திருந்த நிறுவனங்களுக்கு இது தலைவலியானது. அவற்றுக்காகத் தடுப்புக் கருவி ஒன்றையும் மைக்ரோசாப்டே வழங்கியது. வீட்டுப் பயனருக்கும் வேண்டாம் என மறுக்கும் வாய்ப்பு இருந்தது.

2008 மார்ச்சில் ஆப்பிள் செய்தது வேறு வகை. ஐடியூன்சுக்காக விண்டோசில் நிறுவப்பட்டிருந்த ஆப்பிளின் இற்றைப்படுத்தும் கருவி, சபாரி 3.1 உலாவியையும் பட்டியலில் காட்டியது. சபாரியை ஒருபோதும் நிறுவாதவர்களுக்கும் அது இற்றைப்பாடாகவே தோன்றியது. தேர்வுக் கட்டத்தில் முன்கூட்டியே குறியும் இடப்பட்டிருந்தது. மொசில்லாவின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் சான் லில்லி இதைக் கடுமையாகக் கண்டித்தார். பாதுகாப்புத் திருத்தம் என்று நம்பிப் பயனர் அழுத்தும் பொத்தானில் விற்பனைச் சரக்கை ஏற்றினால், நாளை உண்மையான திருத்தத்தையும் அவர் நம்பமாட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். போட்டியாளரின் குரல் என்று ஒதுக்க முடியாத வாதம் அது. (அந்தச் சபாரியின் உரிம ஒப்பந்தம், ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று கூறியது. விண்டோசில் நிறுவியவர் அனைவரும் எழுத்தளவில் விதிமீறியவர்களாயினர். ஆப்பிள் பின்னர் அதைத் திருத்தியது.)

அடுத்த மாதமே ஆப்பிள் பட்டியலை இற்றைப்பாடுகள், புதிய மென்பொருள்கள் என இரண்டாகப் பிரித்தது. மே மாதத்தில், வலைத்தளம் ஒன்று பயனரைக் கேட்காமலே அவர் கணினியில் கோப்புகளை இறக்கிவிட இடம்தரும் ஓட்டை விண்டோசு சபாரியில் இருப்பது வெளியாயிற்று. கேட்காத உலாவியைப் பெற்றவர்கள் கேட்காத ஓட்டையையும் சேர்த்தே பெற்றிருந்தனர்.

தமிழ்ப் பயனர்கள் அவ்வாண்டு காத்திருந்த இற்றைப்பாடு வேறொன்று. விண்டோசில் பயர்பாக்சு 2, இருபுறமும் சீராக்கப்பட்ட பத்திகளில் தமிழ் எழுத்துகளை உடைத்துக் காட்டியது. கொம்பும் காலும் தனித்தனியே நின்றன. 2008 சூன் 17 அன்று வெளியான பயர்பாக்சு 3 இதைத் தீர்த்தது.

ஓசையற்ற முறையும் எதிர்ப்பும்

2008 செப்டம்பரில் வந்த கூகுள் குரோம், கேள்வியையே நீக்கிவிட்டது. பின்னணியில் இறக்கி, அடுத்த முறை திறக்கும்போது புதிய பதிப்பாக எழுந்தது. முழு இற்றைப்பாட்டை அடிக்கடி அனுப்புவது பெருஞ்செலவு என்பதால் 2009-இல் கூர்செட் என்ற முறை வகுக்கப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டில், 1,03,85,920 பைட்டு அளவுள்ள இற்றைப்பாடு 78,848 பைட்டாகச் சுருங்கியது. பயனர் உணராத அளவுக்குச் சிறிதாக்கியதே இம்முறை நிலைத்ததற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று.

மொசில்லா 2011-இல் இதே வேகத்தைப் பின்பற்ற முனைந்தது. மார்ச் 22-இல் பயர்பாக்சு 4, சூன் 21-இல் பயர்பாக்சு 5. ஐந்து வந்ததுமே நான்குக்கான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. பெருநிறுவனம் ஒன்று புதிய உலாவியைச் சோதித்து ஆயிரக்கணக்கான கணினிகளில் ஏற்றவே சில மாதங்கள் ஆகும். சோதனை முடியுமுன் பதிப்பே காலாவதியானது. தனிப் பயனரை நீட்சிகள் வாட்டின. நீட்சி எந்தப் பதிப்புவரை இயங்கும் என்று அதன் கோப்பிலேயே எழுதப்பட்டிருந்ததால், எண் மாறும்போதெல்லாம் நீட்சிகள் முடங்கின. குரோமின் வேகத்தை எடுத்துக்கொண்ட மொசில்லா, அதன் ஓசையின்மைக்குத் தேவையான ஏற்பாடுகளைப் பிறகே செய்தது. 2012 சனவரியில் வந்த பயர்பாக்சு 10, நீட்சிகள் இயல்பாகவே பொருந்துபவை எனக் கொண்டது. அதே பதிப்பிலிருந்து நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பும் தொடங்கியது. ஓராண்டளவுக்கு அம்சங்கள் மாறாமல், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் பதிப்பு அது. மாற்றம் பிடிக்காத வீட்டுப் பயனர் பலரும் அங்கே அடைக்கலம் புகுந்தனர்.

2017 நவம்பர் 14 அன்று பயர்பாக்சு 57 பழைய வகை நீட்சிகளை ஒரேயடியாகக் கைவிட்டது. அதை ஏற்காதவர்கள் பேல் மூன், வாட்டர்பாக்சு போன்ற கிளை உலாவிகளுக்குச் சென்றனர். 2018 அக்டோபரில் வெளியான 63-ஆம் பதிப்பின் அமைப்புப் பக்கத்திலிருந்து, இற்றைப்பாடுகளை ஒருபோதும் தேடாதே என்ற தெரிவு அகற்றப்பட்டது. நிருவாகிகளுக்கான கொள்கைக் கோப்பின் வழியே மட்டும் அதைத் தடுக்க இடம் விடப்பட்டது.

விண்டோசு 7 பயனர்களிடம் வழக்கு தலைகீழானது. 2023 சனவரியில் வந்த குரோம் 109, அவர்களுக்குக் கிடைத்த கடைசிக் குரோம் பதிப்பாகும். பயர்பாக்சின் 115-ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்பு அவர்களுக்குத் தொடர்ந்து திருத்தங்களைத் தந்தது. அதை நிறுத்துவதற்கான கெடு ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது.