கணினித் தொலைநகல் விலக்கு (மெடிகேர் மருந்துச்சீட்டு)

அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டிலுள்ள 'பார்ட் டி' மருந்துத் திட்டத்தின் மின்-மருந்துச்சீட்டு விதிகளில், கணினி வழியே அனுப்பப்படும் தொலைநகலுக்கு (ஃபேக்ஸ்) முதலில் தரப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்ட சலுகை.

பின்னணி: 2003ஆம் ஆண்டின் மெடிகேர் நவீனமயமாக்கல் சட்டம் மின்-மருந்துச்சீட்டுக்குப் பொதுத் தரநிலைகளைக் கோரியது. அதன்படி 'ஸ்கிரிப்ட்' என்னும் தரவு வடிவம் ஏற்கப்பட்டது. கணினியிலிருந்து தொலைநகல் அனுப்பும் மருத்துவர்கள் மீண்டும் தாளுக்கே திரும்பிவிடக்கூடும் என்று அஞ்சி, அவர்களுக்கு 2005இல் விலக்கு அளிக்கப்பட்டது.

வேறுபாடு: தொலைநகலில் மருந்துக்கடைக்குக் கிடைப்பது வெறும் படம். மருந்தின் பெயர், அளவு, வேளை அனைத்தையும் மருந்தாளுநர் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பிழை நுழைவது இங்கேதான். ஸ்கிரிப்ட் செய்தியோ கடையின் மென்பொருளில் நேரடியாகப் பதிவாகிறது.

நீக்கம்: விலக்கு இருக்கும்வரை மாற்றம் வேகம் பெறாது என்று கருதிய மெடிகேர் நிர்வாகம், 2009 ஜனவரி 1 முதல் அதை நீக்குவதாக 2007இல் அறிவித்தது. மறுநிரப்பு வேண்டுகோள்களுக்கு மருந்துக்கடைகள் தொலைநகலையே பெரிதும் நம்பியிருந்ததால், கெடு 2012 ஜனவரி 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது. வலையமைப்பு தற்காலிகமாகப் பழுதாகும்போது தொலைநகல் அனுப்ப அனுமதி தொடர்ந்தது.

தொடர்ச்சி: கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளையும் மின்வழியே எழுத, இருபடி அடையாளச் சரிபார்ப்புடன், போதைப்பொருள் அமலாக்க முகமை 2010இல் அனுமதித்தது. நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் முதல், சில விதிவிலக்குகளுடன், எல்லா மருந்துச்சீட்டுகளுக்கும் மின்வழியைக் கட்டாயமாக்கியது.