பட்டம், உரிமம், ஊதியம்: சென்னை மாகாணத்துக் கைம்பெண்களும் ஆசிரியப் பணியும்

சென்னைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கு அளித்த 'எல்.டி.' என்னும் தகுதி, கற்பித்தலுக்கான உரிமம் என்று பொருள்படும். கலைப்பட்டம் ஒருவரது கல்வியைக் காட்டியது. உரிமம் அவரைப் பயிற்சி பெற்ற ஆசிரியராக்கியது. இவ்வழி கைம்பெண்களுக்குத் திறந்த வரலாற்றை இக்கட்டுரை சுட்டுகிறது.

வீரேசலிங்கம் 1881இல் இராஜமுந்திரியில் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தார். சகோதரி சுப்புலட்சுமி தேர்ந்த வழி வேறு. இளமையிலேயே கணவரை இழந்த அவர், 1911இல் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. பெண்பள்ளிகளுக்கு ஆசிரியைகள் தேவைப்பட்டனர். சமூகம் ஒதுக்கிய இளங்கைம்பெண்கள் பயிற்சி பெற்றால் அத்தேவையை நிறைவுசெய்யலாம் என அவர் கருதினார். அவரது விடுதி பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

விடுதி தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களையே மையமாகக் கொண்டிருந்தமை இம்முயற்சியின் எல்லையாகும். எனினும், புகலிடம் பிறர் ஈகையைச் சார்ந்தது. ஊதியமோ உழைப்பின் உரிமை. மறுமணம் கைம்பெண்ணுக்கு மீண்டும் 'மனைவி' என்னும் நிலையை அளித்தது. ஆசிரியத் தகுதி அவருக்குத் தனக்கெனவொரு நிலையை அளித்தது எனலாம்.