ஏற்காட்டுக் காப்பியும் இங்கிலாந்துச் சட்டமும்

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பர். ஏழைகள் அங்கே இளைப்பாறியதைவிட இடுப்பொடிய உழைத்ததே வரலாறு! 19ஆம் நூற்றாண்டில், சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையிலே காப்பிச் செடியை ஊன்றினார். செடி செழித்தது, உழைத்தவன் வாழ்வு?

முன்பணம் பெற்ற கூலி, நீதிபதி ஆணையிட்டும் வேலைக்கு வராவிடில் மூன்று மாதம்வரை சிறை என்றது 1859ஆம் ஆண்டுச் சட்டம். தோட்ட முதலாளிகளுக்கு அது கைவாள்!

"எங்கும் இதுதான் நிலை, எல்லாம் தலைவிதி" என்பாருளரோ? கேளுங்கள் தோழர்களே! இத்தகைய சட்டம் இங்கிலாந்திலும் இருந்தது. 1875இல் அதை ஒழித்தனர். 1883இல் ஜெர்மனி தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு தந்தது. 1884இல் பிரான்சு தொழிற்சங்கத்தைச் சட்டப்படி ஏற்றது. இங்கோ, சிறைச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. இலண்டனில் ஒழிந்த கொடுமை சேலத்தில் மேலும் அரை நூற்றாண்டு வாழ்ந்தது; ஆண்டதோ ஒரே அரசு!

ஏன் இந்த வேற்றுமை? இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. நகரத் தொழிலாளர் பலர்க்கு 1867இலேயே வாக்குரிமையும் கிடைத்தது. மலைக்கூலிக்கு இரண்டும் இல்லை.

வீடும் மருத்துவமும் தரச்சொன்ன தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் வந்தது. சிறு தோட்டத்தார் அதற்கும் வெளியே நின்றனர். கூலியின் நிலையை எழுதியது பிரமனல்ல, சட்டம். சட்டத்தைத் திருத்தியது வேண்டுதலல்ல, ஒன்றுபட்டோர் வலிமை!