வெயிலில் அச்சாகும் நீலம்

சயனோடைப் என்ற நீல அச்சு முறை பிறந்தது 1842-ல், இங்கிலாந்தில். கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் மகன். தந்தையைப் போலவே வானியலாளர். படம் எடுப்பதைவிட, வெயில் எந்தப் பொருளை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். பூக்களைப் பிழிந்து, சாற்றைக் காகிதத்தில் பூசி, வெயிலில் வைத்துக்கூடச் சோதித்திருக்கிறார். இரும்பு உப்புகளையும் அப்படிச் சோதித்தபோது கிடைத்ததுதான் இந்த நீலம்.

அதுவரை புகைப்படக் காகிதத்துக்குப் பெரும்பாலும் வெள்ளி உப்புகள்தான் ஆதாரம். இதற்கு வெள்ளியே வேண்டாம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து காகிதத்தில் பூசினால் போதும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் பிரஷ்யன் நீலம் உண்டாகி, காகித இழைக்குள்ளேயே தங்கிவிடும். படாத இடத்து மருந்து கழுவினால் போய்விடும். டெவலப்பர் கிடையாது, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கிடையாது. பச்சைத் தண்ணீரே எல்லாம்.

அடுத்த ஆண்டே அது ஒரு பெண்ணின் கைக்குப் போனது. அன்னா அட்கின்ஸின் தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றியவர், ஹெர்ஷலின் நண்பர். அன்னாவுக்குக் கடற்பாசிகள் மீது ஈடுபாடு. அவற்றின் நுண்ணிய கிளைகளைக் கையால் வரைவது பெரும்பாடு. எனவே பாசியையே காகிதத்தின் மேல் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைத்தார். 1843-ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பிரிட்டிஷ் பாசிகள் தொகுப்புதான் புகைப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதில் கேமராவுக்கு வேலையே இல்லை. பாசியின் பெயரையும் தன் கையெழுத்தில் எழுதி, அதே முறையில் அச்சிட்டார். அறிவியல் பதிவு என்றுதான் அவர் செய்தார். எனக்கோ, அந்தக் காலத்தின் அழகான படங்களில் அவற்றுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

புகைப்படக் கலைஞர்கள் இந்த நீலத்தை வெகுகாலம் ஏற்கவில்லை. இயற்கைக் காட்சிகளுக்குப் பெயர்போன பி. எச். எமர்சன் 1889-ல் இதைக் கடுமையாகச் சாடி எழுதினார். அவர்கள் ஒதுக்கியதைப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1870-களிலிருந்து கட்டட, இயந்திர வரைபடங்கள் நீலத்தில் வெள்ளைக் கோடுகளாக நகலெடுக்கப்பட்டன. அதுதான் நமக்குத் தெரிந்த ப்ளூ பிரிண்ட். 1900-ல் தென்னாப்பிரிக்காவில் முற்றுகைக்குள் கிடந்த மாஃபெகிங் நகரம் தன் அஞ்சல் தலைகளையே இந்த முறையில் அச்சிட்டுக்கொண்டது. 1950-ஐ ஒட்டி ராபர்ட் ராஷன்பெர்க்கும் சூசன் வைலும் ப்ளூ பிரிண்ட் தாள்மீது மனிதர்களைப் படுக்கவைத்து, விளக்கொளியில் ஆளுயரப் படங்களை உருவாக்கினார்கள். அலுவலகங்களிலோ, டயசோ என்ற வேறொரு நகல் முறை வந்து ப்ளூ பிரிண்டை வெளியேற்றியது.

இன்று இது பொழுதுபோக்காகப் படம் செய்பவர்களிடம் வாழ்கிறது. புதிதாக ஏதாவது செய்துபார்க்க ஆசைப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒளி என்ன செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். மருந்தின் பெயரில் சயனைடு இருப்பதால் பலர் பயப்படுகிறார்கள். அதை இரும்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, கடும் அமிலத்தோடு கலக்காமலும் சூடாக்காமலும் இருந்தால் போதும்.

சென்னையில் இதற்கு மொட்டை மாடியே ஸ்டூடியோ. அறைக்குள் மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் காகிதத்துக்கு மருந்து பூசிக் காயவைத்து, மேலே ஒரு முருங்கை இணுக்கை வைத்து, கண்ணாடியும் கிளிப்பும் போட்டு வெயிலில் வைக்கிறேன். மஞ்சள் கலந்த பச்சை மெல்ல நீலமாகி, பிறகு சாம்பல் பூத்தாற்போல ஆகும். அதுதான் எடுக்கும் பதம். கழுவியதும் பார்த்தால், கண்ணாடி அழுத்திய இலைகளின் விளிம்பு துல்லியமாக இருக்கும். காம்பு சற்றே தூக்கியிருந்த இடத்தில் விளிம்பு கசிந்து மங்கியிருக்கும். அந்த மங்கலை வேண்டுமென்றே வரவழைப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. மொபைலில் எடுத்த படம் வேண்டுமென்றால், அதை நெகட்டிவாக மாற்றி ஓஎச்பி ஷீட்டில் அச்செடுத்து இலைக்குப் பதிலாக வைக்கலாம்.

கழுவும் தண்ணீரில் கவனம் வேண்டும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் நீலத்தை வெளிறச் செய்யும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் சமாளிக்கலாம். துணியில் அச்சிட்டால் சோப்பு போடக் கூடாது, அதிலும் காரம்தான். அதே காரத்தை வைத்துப் படத்தின் நிறத்தையும் மாற்றலாம். சலவை சோடா கரைசலில் படத்தை வெளிறவிட்டு, அலசி, கெட்டியான தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால், அது பழுப்பும் கருப்புமாகத் திரும்பி வரும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் இதற்கு ஆகும். இரும்போடு கடுக்காயின் துவர்ப்பு சேர்ந்தால் கருப்பு பிடிக்கும் என்பது கலம்காரிச் சாயக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான்.