என்ரிக்கோ ஃபாப்ரிஸ்: 11 நாள் புகழும் கலைக்கப்பட்ட பனித்தளமும்

விளையாட்டு வீரர் ஒருவரின் புகழையே அவரது திறமைக்கு அளவுகோலாகக் கொள்வது வரலாற்றெழுத்தில் அடிக்கடி நேரும் பிழை. இத்தாலியின் ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர் என்ரிக்கோ ஃபாப்ரிஸின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

ஃபாப்ரிஸ் 1981இல் வடகிழக்கு இத்தாலியின் அசியாகோவில் பிறந்தவர். அவரது ஊர் அதே மேட்டுநிலத்திலுள்ள ரொவானா. (சிம்ப்ரியன் என்னும் பழைய ஜெர்மானிய மொழி நெடுங்காலம் வழங்கிய பகுதி அது, மொழியியல் நண்பர்களுக்காக இக்குறிப்பு.) அவருக்கு முன்னோடி இல்லாமலில்லை. ரொபெர்ட்டோ சிகெல் 1992இலேயே உலகச் சாம்பியன் ஆனவர். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. கால்பந்தும் மிதிவண்டிப் பந்தயமும் கோலோச்சும் நாட்டில் அதுவே பெருங்குறை.

2006 ஜனவரியில் நார்வேயின் ஹாமாரில் ஃபாப்ரிஸ் ஐரோப்பியப் பட்டம் வென்றார். இத்தாலியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் டுரின் ஒலிம்பிக். பிப்ரவரி 11 அன்று 5000 மீட்டரில் அவர் பெற்ற வெண்கலம் அப்போட்டிகளில் இத்தாலியின் முதல் பதக்கம். இவ்விளையாட்டில் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுவே. பின்னர் அணித் துரத்தல். காலிறுதியில் அமெரிக்கா வீழ்ந்தது. அரையிறுதியில் நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் தடக்கட்டையை மிதித்து விழுந்தார். இறுதியில் கனடாவை வென்று இத்தாலி தங்கம் பெற்றது. இதில் நற்பேற்றின் பங்கை மறுப்பதற்கில்லை.

பிப்ரவரி 21 அன்று நடந்த 1500 மீட்டரில் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்கர்களான ஷானி டேவிஸுக்கும் சாட் ஹெட்ரிக்குக்கும் இடையிலான பூசலிலேயே ஊடகங்கள் மூழ்கியிருந்தன. அணித் துரத்தலில் டேவிஸ் பங்கேற்காததே அப்பூசலின் ஊற்றுக்கண். ஃபாப்ரிஸோ கடைசிச் சுற்றுக்கெனக் காலில் வலுவைச் சேமித்துவைப்பவர். 1:45.97 நிமிடத்தில் முடித்து இருவரையும் முந்தினார். டேவிஸுடனான இடைவெளி 0.16 நொடி. 11 நாட்களில் மூன்று பதக்கங்கள். நாடே அவரைக் கொண்டாடியது.

என் கணிப்பில் அவரது திறமையின் உச்சம் இதன் பின்னரே வந்தது. 2007 நவம்பர் 10 அன்று சால்ட் லேக் சிட்டியில் 5000 மீட்டரை 6:07.40 நிமிடத்தில் கடந்து உலகச் சாதனை படைத்தார். ஏழே நாளில் கிராமர் அதை நான்கு நொடிக்கும் மேலாகக் குறைத்துவிட்டார். 2010 வான்கூவரில் ஃபாப்ரிஸுக்குப் பதக்கமில்லை. 2011இல் ஓய்வு பெற்றார்.

அவர் வென்ற ஓவல் லிங்கோட்டோ அரங்கின் பனித்தளம் ஒலிம்பிக்கிற்குப் பின் அகற்றப்பட்டது. அரங்கு வணிகக் கண்காட்சிக் கூடமாயிற்று. 2026 ஒலிம்பிக்கிற்கு முதலில் தேர்வான பஸெல்கா டி பினே திறந்தவெளித் தளமும் கூரையமைக்கும் செலவு கருதிக் கைவிடப்பட்டது. மாற்றாக மிலானுக்கு அருகே ரோ நகரின் கண்காட்சிக் கூடங்களுக்குள் தற்காலிகப் பனித்தளம் அமைக்க முடிவாயிற்று.