தொடை எலும்பிலிருந்து புறப்படும் செல்

ஹைதராபாத் ஜீனோம் வேலியில் இயங்கும் பாரத் பயோடெக், ஸ்பெயினின் பயோஃபாப்ரியுடன் சேர்ந்து, 'எம்டிபிவேக்' என்ற காசநோய்த் தடுப்பூசியை 2024-ல் இந்தியப் பெரியவர்களுக்குப் போட்டுச் சோதிக்கத் தொடங்கியது. அந்த ஊசி எட்ட வேண்டிய ஒரு செல்லின் பயணத்தைத்தான் சொல்ல வருகிறேன். அதன் வழித்தடம் நமக்குத் தெரிந்தது சுண்டெலிகளிடமிருந்து.

எலியின் தொடை எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தத்தின் ஸ்டெம் செல் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். அக்கம்பக்கத்துச் செல்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்-12 என்ற புரதம் அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால் ரத்தத்தில் இறங்கும். அங்கே சில நிமிடங்களே இருக்கும். ஏதாவது ஓர் உறுப்புக்குள் நுழைந்து, ஒன்றரை நாளாவது திரிந்து, நிணநீர் வழியே ரத்தத்துக்கு வந்து மஜ்ஜைக்குத் திரும்பும். 2007-ல் இந்தச் சுற்றைக் கண்டறிந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: திசுவில் பாக்டீரியாவின் தடயம் தட்டுப்பட்டால் அது கிளம்பாது, அங்கேயே பெருகி, கிருமியை எதிர்க்கும் செல்களை ஈன்று தரும். ஊர்க்காவலுக்குப் போன இடத்திலேயே படை திரட்டுகிறது.

2018-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மசியார் திவாங்காஹியின் குழு, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை எலிகளின் ரத்தக்குழாயில் செலுத்தியது. பிசிஜி மஜ்ஜைக்கே போய்விட்டது. ஸ்டெம் செல்கள் பெருகின; அவற்றின் வழிவந்த, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் காசநோய்க் கிருமியை முன்னைவிட நன்றாக அடக்கின. மேக்ரோபேஜ் மடிந்தாலும் பாடம் தாய்ச்செல்லிடம் தங்கிவிடுகிறது. ஆனால் தோலுக்கடியில் போட்ட பிசிஜி எலியின் மஜ்ஜையை எட்டவில்லை. மனிதர் கதை வேறு: தோலில் போட்ட ஊசியே 90 நாள் கழித்தும் மஜ்ஜைச் செல்களின் மரபணு இயக்கத்தை மாற்றியிருந்ததை 2020-ல் கண்டார்கள்.

நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பேராய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. பிசிஜி மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது. எம்டிபிவேக் மனிதக் கிருமியிலேயே இரண்டு மரபணுக்களை நீக்கிச் செய்தது. எலிகளில் அது நிமோனியாவிலிருந்தும் காத்தது. அந்தக் காப்பு மனித மஜ்ஜையிலும் வேர்விடுகிறதா என்று சோதனையோடு சேர்த்தே பார்த்தாக வேண்டும் என்பேன். இதற்காக எல்லோருடைய இடுப்பெலும்பிலும் ஊசி இறக்க வேண்டியதில்லை. அந்தச் செல்தான் அவ்வப்போது ரத்தத்துக்கு வந்துபோகிறதே! கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில், வெகு சொற்பமாக என்றாலும், அது அகப்படும்.