கென்யாவில் கணித, அறிவியல் ஆசிரியர் பயிற்சி: வகுப்பறைக்கும் தேர்வுத்தாளுக்கும் இடையில்

கென்யா 1963-இல் விடுதலை பெற்றபோது இடைநிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. ஊர் மக்கள் தாங்களே பணம் திரட்டிக் கட்டிய 'ஹராம்பே' பள்ளிகள் அந்தக் குறையை வேகமாக ஈடுசெய்தன. கட்டடம் எழும்பியது; ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் பல ஊர்களுக்கு வந்து சேரவில்லை. 1960-களின் நடுவில் சுவீடனின் உதவியுடன் நைரோபியில் தொடங்கப்பட்ட கென்ய அறிவியல் ஆசிரியர் கல்லூரி இந்தத் தட்டுப்பாட்டின் விளைவே.

பாடத்திட்டமோ ஆசிரியருக்காகக் காத்திருக்கவில்லை. 1962-இல் உகாண்டாவின் எண்டெபெயில் கூடிய பயிலரங்கிலிருந்து உருவான புதுக்கணித நூல்கள் கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றின் அடிப்படையான கணக் கோட்பாட்டைத் தாமே படித்திராத ஆசிரியர்கள் அதைக் கற்பிக்க நேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் புதுக்கணிதம் கைவிடப்பட்டது. அதன் தோல்விக்குப் பாடநூலை மட்டும் குறை சொல்வது சரியல்ல. ஆசிரியரைத் தயார்செய்யாமல் நூலை அனுப்பியதே பெரிய பிழை என்பது என் கருத்து.

1985-இல் 8-4-4 கல்விமுறை (எட்டாண்டு தொடக்கக் கல்வி, நான்காண்டு இடைநிலை, நான்காண்டு பல்கலைக்கழகம்) வந்தது. 1989-இல் இடைநிலைக் கல்வி முடிவில் கே.சி.எஸ்.இ. தேர்வு முதன்முறையாக நடந்தது. கணிதம் கட்டாயப் பாடம். அதிலும் அறிவியல் பாடங்களிலும் மதிப்பெண்கள் தொடர்ந்து தாழ்ந்திருந்ததால், 1998-இல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் சேர்ந்து கல்வி அமைச்சகம் 'ஸ்மாஸே' என்ற பணியிடைப் பயிற்சித் திட்டத்தை ஒன்பது மாவட்டங்களில் தொடங்கியது. 2003-க்குப் பின் அது நாடெங்கும் பரவியது. மாவட்டப் பயிற்சிக்கான செலவு பெரிதும் மாணவரின் பள்ளிக் கட்டணத்திலிருந்தே வந்தது. ஏழைப் பெற்றோரும் சுமந்த செலவு என்பதால், அதன் பலனைக் கறாராகக் கேட்பது நியாயம்.

செயல்பாடு, மாணவர் பங்கேற்பு, பரிசோதனை, கிடைக்கும் பொருளைக் கொண்டு கருவி செய்தல் ஆகிய நான்கையும் பயிற்சி வலியுறுத்தியது. இத்தகைய கணித வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 20 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்துப் பெட்டி செய்கிறார்கள். 2 செ.மீ. வெட்டிய குழுவின் பெட்டி 512 கன செ.மீ. கொள்கிறது, 3 செ.மீ. வெட்டியவர்களுக்கு 588, 4 செ.மீ. என்றால் 576. அதிகபட்சம் எங்கோ 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். வகைநுண்கணிதம் அதற்குப் பிறகு வருகிறது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் காகிதப்பூவின் சாறு அமிலமா காரமா என்று காட்டும் நிறங்காட்டியாகிறது.

ஆனால் பயிற்சி அடுக்கடுக்காக இறங்கியது: தேசியப் பயிற்றுநர் மாவட்டப் பயிற்றுநருக்கு, அவர் ஆசிரியருக்கு. பள்ளி விடுமுறையில் நடந்த பயிற்சி முடிந்து ஆசிரியர் ஊர் திரும்பினால், அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துப் பேச ஆளில்லை. ஜப்பானில் சக ஆசிரியர்கள் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர் கவனித்து, பின் கூடி விவாதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஸ்மாஸே கற்பித்த 'திட்டமிடு, செய், பார், மேம்படுத்து' என்ற வரிசையில் மூன்றாவது சொல்லுக்கு உயிர் கொடுப்பது அந்த வழக்கம்தான். தனியாளாக நின்ற கென்ய ஆசிரியருக்கு அது வாய்க்கவில்லை. மேல்வகுப்பில் பாடப்பகுதியை முடிக்கும் அவசரமும் சேர, கையிலிருந்த தாளும் கத்தரிக்கோலும் மறுபடி அலமாரிக்குப் போயின.

தேர்வு முடிவுகளை வைத்துப் பயிற்சியை எடைபோடுவதில் இன்னொரு சிக்கல். 2015-இல் 2,600-க்கும் மேற்பட்டோர் கே.சி.எஸ்.இ.யில் 'ஏ' தரம் பெற்றனர். வினாத்தாள் கசிவையும் காப்பியடிப்பதையும் அரசு கடுமையாக ஒடுக்கிய 2016-இல் 141 பேர் மட்டுமே. ஓராண்டில் ஆசிரியர் திறன் இப்படிச் சரிந்துவிடாது. ஆகவே முந்தைய ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பயிற்சியைப் போற்றிய, தூற்றிய முடிவுகள் இரண்டையும் ஐயத்துடன்தான் படிக்க வேண்டும். பயிற்சி பெற்றவரின் வகுப்பில் மாணவர் எத்தனை கேள்வி கேட்கிறார், தவறான விடையை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்பவை நம்பகமான சான்றுகள். அவற்றைத் திரட்ட ஆய்வாளர் பள்ளியிலேயே பல மாதம் தங்க வேண்டியிருக்கும்.

2017 முதல் படிப்படியாக அறிமுகமாகும் திறன்சார் பாடத்திட்டத்தில் பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கும் இடமுண்டு. கற்பிப்பவரே மதிப்பிடவும் வேண்டியிருப்பதால், மதிப்பீடு பற்றிய பயிற்சியும் இனி பணியிடைப் பயிற்சிக்குள் வந்தாக வேண்டும்.